விடியுமுன் ஓட்டினால் மட்டும் ஃபெயிலாகும் இன்டகிரேஷன் டெஸ்ட்: போஸ்ட்கிரெஸ் கண்டெய்னர் தகராறு

(தலைப்பை மாற்றியிருக்கிறேன். முதலில் "டேபிளே இல்லை என்கிறது" என்று வைத்திருந்தேன், கீழே படித்தால் ஏன் என்று தெரியும்.)

பாம்பன்_விசை | செவ்வாய், காலை 5:05

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் ஊரில் மீன் ஏலம் எடுக்கும் ஒருவருக்குக் கணக்கு ஆப் ஒன்று செய்து கொடுத்திருக்கிறேன். எந்தப் படகு, என்ன மீன், எத்தனை கிலோ, யார் எடுத்தார், கமிஷன் எவ்வளவு, பாக்கி எவ்வளவு, அவ்வளவுதான். ஜாவாவில் ஸ்பிரிங் பூட், டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 16. டெஸ்ட் ஓட்டும்போது ஜாவா லேப்டாப்பிலேயே ஓடும், டேட்டாபேஸ் மட்டும் டாக்கர் கம்போஸில், அதாவது தனிப் பெட்டி மாதிரி ஓடும் கண்டெய்னரில். கம்போஸ் ஃபைலில் இனிட் ஃபோல்டர் (டேட்டாபேஸைத் தயார் செய்யும் ஸ்கிரிப்டுகளுக்கானது) ஒன்றை மவுன்ட் செய்து இரண்டு எஸ்கியூஎல் ஸ்கிரிப்ட் வைத்திருந்தேன், ஆறு மாதமாக ஒரு தொந்தரவும் இல்லை.

போன வாரம் மூன்றாவதாக ஒரு ஸ்கிரிப்ட் சேர்த்தேன். ஏல வரவு என்று புது டேபிள், அதில் டெஸ்டுக்கு மூன்று வரி. அன்றிலிருந்து "ரிலேஷன் டஸ் நாட் எக்ஸிஸ்ட்", டேபிளே இல்லை என்கிறது. கண்டெய்னரைப் பத்து தடவை நிறுத்தி ஏற்றிவிட்டேன், லேப்டாப்பையே ரீஸ்டார்ட் செய்தேன், ஸ்கிரிப்டில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று வரிவரியாகப் பார்த்தேன். ஸ்கிரிப்டைக் கையால் ஓட்டினால் ஓடுகிறது, டேபிள் வருகிறது. தானாக மட்டும் வருவதில்லை. காலையில் ஏலம் முடிந்து அவர் கூப்பிடுவதற்குள் புது வெர்ஷன் ஏற்ற வேண்டும், யாராவது பாருங்கள்.

கீழக்கரை_காக்கா | செவ்வாய், காலை 6:40

தம்பி, லாகை மேலிருந்து படித்தீர்களா? "டேட்டாபேஸ் டைரக்டரி அப்பியர்ஸ் டு கன்டெய்ன் எ டேட்டாபேஸ், ஸ்கிப்பிங் இனிஷியலைசேஷன்" என்று ஒரு வரி இருக்கும். இருந்தால் அதுதான் பதில்.

இனிட் ஃபோல்டரில் இருக்கும் ஸ்கிரிப்ட் கண்டெய்னர் ஏறும் ஒவ்வொரு தடவையும் ஓடும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. டேட்டா டைரக்டரி காலியாக இருந்தால் மட்டும்தான் ஓடும். உங்கள் டேட்டா ஆறு மாதத்துக்கு முன் உண்டான வால்யூமில், அதாவது கண்டெய்னருக்கு வெளியே டாக்கர் வைத்திருக்கும் சேமிப்பில், உட்கார்ந்திருக்கிறது, கண்டெய்னரை நூறு தடவை நிறுத்தினாலும் வால்யூம் அசையாது. கம்போஸ் ஃபைலில் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு "பாஸ்வேர்ட் ஆதன்டிகேஷன் ஃபெயில்ட்" என்று அழுகிறவர்கள் கதையும் இதேதான், பழைய வால்யூமில் பழைய பாஸ்வேர்ட்தான் இருக்கும்.

கம்போஸ் டவுன் கொடுக்கும்போது கடைசியில் ஹைஃபன் வி சேர்த்துக் கொடுங்கள், வால்யூமும் போய்விடும். ஆனால் ஒன்று, அந்தக் கம்போஸ் ஃபைலில் உண்மையான கணக்கு எதையும் வைத்திருக்கவில்லையே? வைத்திருந்தால் முதலில் டம்ப் (முழு நகல்) எடுத்துவிட்டு அப்புறம் கை வையுங்கள். துபாயில் வேலை செய்தபோது ஒருவன் இதைச் சரியான ஃபைலில் கொடுக்காமல் பக்கத்து ஃபோல்டரில் கொடுத்துவிட்டான், அன்று இரவு யாரும் வீட்டுக்குப் போகவில்லை.

பாம்பன்_விசை | புதன், காலை 4:50

காக்கா, அதே வரிதான் இருந்தது. ரொம்ப நன்றி. இப்போது டெஸ்ட் ஓட்டும் ஸ்கிரிப்டிலேயே ஒவ்வொரு தடவையும் ஹைஃபன் வி போட்டு இறக்கி, புதிதாக ஏற்றும்படி வைத்துவிட்டேன். டேபிள் வந்துவிட்டது.

ஆனால் இப்போது வேறு ஒன்று. ஏற்றியதும் ஓட்டினால் கனெக்‌ஷனே கிடைப்பதில்லை. "கனெக்‌ஷன் அட்டெம்ப்ட் ஃபெயில்ட்", அதற்குக் கீழே ஈஓஎஃப் எக்செப்ஷன். அதே கண்டெய்னரை விட்டு வைத்து ஐந்து விநாடி கழித்து ஓட்டினால் கனெக்ட் ஆகிறது. டேட்டாபேஸ் தயாரா என்று பார்க்கும் ஹெல்த்செக் வைத்திருக்கிறேன், போஸ்ட்கிரெஸோடு வரும் பிஜி ஈஸ்ரெடி கமாண்ட்தான், கம்போஸ் அப் கொடுக்கும்போது வெயிட் ஆப்ஷனும் கொடுத்திருக்கிறேன், "ஹெல்தி" என்று வந்த பிறகுதான் டெஸ்டே ஆரம்பிக்கிறது. ஹெல்தி என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துகிறது.

உப்பளத்தான் | புதன், காலை 9:15

எதற்கு இவ்வளவு பாடு? டெஸ்டுக்கு ஹெச்2 என்ற சின்ன டேட்டாபேஸ் போடுங்கள், மெமரியில் ஓடும், ஏற்றுவதும் இல்லை இறக்குவதும் இல்லை, அரை விநாடியில் முடியும். போஸ்ட்கிரெஸ் மோட் என்று ஒரு ஆப்ஷன் கூட இருக்கிறது. மூன்று டேபிள் ஆப்புக்கு டாக்கரா? வாலிநோக்கத்திலிருந்து கீழக்கரைக்கு ஹெலிகாப்டர் வைத்துப் போகிற மாதிரி இருக்கிறது.

தொண்டி_அலை | புதன், காலை 11:30

உப்பளத்தான் அண்ணே, உங்களோடு சண்டை போட எனக்கு நேரம் இல்லை, ஆனால் இதை மட்டும் விட முடியாது.

ஹெச்2வின் போஸ்ட்கிரெஸ் மோட் பாதிதான் போஸ்ட்கிரெஸ். "இருந்தால் மாற்று, இல்லையென்றால் சேர்" என்று ஏலக் கணக்கில் கட்டாயம் எழுத வேண்டி வரும், அதற்கு போஸ்ட்கிரெஸில் ஆன் கான்ஃப்ளிக்ட் டூ அப்டேட். அது ஹெச்2வில் ஓடாது, டூ நத்திங் வரைக்கும்தான். அப்போது என்ன செய்வீர்கள்? டெஸ்டுக்காக கோடை மாற்றுவீர்கள். ஓடப்போவது ஒன்று, சோதித்தது வேறு ஒன்று.

இதைவிட நைசாகக் கடிப்பது வரிசை. தமிழில் பெயர் வைத்திருந்தால் கட்டாயம் மாட்டுவீர்கள். என் கதையைச் சொல்கிறேன். மீன் பட்டியல், பெயர் வரிசையில் வர வேண்டும். பால்சுறா, பாறை. நம் அகராதி வரிசையில் எது முதலில்? யரலவழளறன, லகரம் முந்தி, றகரம் பிந்தி, ஆகவே பால்சுறா முதலில், பாறை பிறகு. ஆனால் யூனிகோடில் எழுத்துகளை அடுக்கியிருக்கும் வரிசை வேறு. அங்கே ரகரத்துக்கு அடுத்த எண்ணே றகரம், அதற்கு அடுத்துதான் லகரம். நகரத்துக்கு அடுத்து உடனே னகரம் வந்துவிடும், சகரத்துக்கும் ஞகரத்துக்கும் நடுவில் ஜகரம் நுழைந்திருக்கும். எண்ணை மட்டும் வைத்து அடுக்கினால் பாறைதான் முதலில் வரும். ஹெச்2 ஒன்றும் சொல்லாவிட்டால் அப்படித்தான் அடுக்குகிறது. நான் டெஸ்டில் அதைப் பார்த்து, சரிதான் போல என்று பாறையை முதலில் எதிர்பார்த்து அசெர்ட்டும் எழுதி வைத்தேன். நிஜ சர்வரில் பால்சுறா முதலில் வந்தது. தப்பு சர்வரில் என்று இரண்டு நாள் தேடினேன்!

அதோடும் முடியவில்லை. வேகமாக இருக்கிறதே என்று போஸ்ட்கிரெஸின் ஆல்பைன் இமேஜுக்கு (சின்ன லினக்ஸின் மேல் கட்டிய கண்டெய்னர் அச்சு) மாறினேன், திரும்பவும் பாறை முன்னால் வந்து நின்றது. ஆல்பைனில் இருக்கும் மஸல் லைப்ரரிக்கு மொழிவாரி வரிசை தெரியாது, டெபியன் இமேஜில் இருக்கும் ஜிலிப்சிக்குத் தெரியும். ஒரே போஸ்ட்கிரெஸ், ஒரே வெர்ஷன், இமேஜ் மாறினால் வரிசை மாறுகிறது. கடைசியில் ஆர்டர் பை இருக்கும் இடத்தில் கொலேட் என்று போட்டு ஐசியு என்ற மொழி லைப்ரரியின் தமிழ் கொலேஷனை (அடுக்கும் வரிசையை), அதாவது டிஏ-எக்ஸ்-ஐசியு, நேராகச் சொல்லிவிட்டேன். இப்போது எங்கே ஓட்டினாலும் ஒரே வரிசை. ஆல்பைனில் இது போஸ்ட்கிரெஸ் 15 முதல்தான் உண்டு, பழையது வைத்திருப்பவர்கள் கவனிக்க.

உப்பளத்தான் | புதன், மதியம் 12:10

பாறை, பால்சுறா விஷயம் ஒப்புக்கொள்கிறேன் தங்கச்சி. மற்றதற்கு ஹெச்2 போதும் என்பதில் மாற்றமில்லை.

மண்டபம்_ரயிலடி | புதன், மதியம் 1:45

விசை, கண்டெய்னர் ஏற்றியதும் ஸ்லீப் 10 போடுங்கள். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். சிரிக்காதீர்கள், ஓடுகிறது.

கீழக்கரை_காக்கா | புதன், இரவு 9:20

சிரிக்கவில்லை, ஆனால் பத்து விநாடி என்பது உங்கள் மிஷினுக்கு. சீட் டேட்டா (முன்கூட்டிப் போடும் டெஸ்ட் வரிகள்) பெரிதானால் பதினைந்து ஆக்குவீர்கள், அப்புறம் முப்பது. வாசலில் யார் நிற்கிறார் என்று பார்க்காமல் மணியை எண்ணிக்கொண்டிருப்பது அது.

விசை தம்பி, நீங்கள் எழுதியதில் முக்கியமானது ஈஓஎஃப் என்ற வார்த்தை. கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட் என்று வந்தால் அந்தப் போர்ட்டில் ஆளே இல்லை. ஈஓஎஃப் வந்தால் ஆள் இருக்கிறார், கதவைத் திறந்தார், உடனே மூடிவிட்டார். அந்த ஆள் போஸ்ட்கிரெஸ் இல்லை, டாக்கர். லேப்டாப்பில் 5432 போர்ட்டை டாக்கர் பிடித்து வைத்திருக்கிறது, உள்ளே தள்ளிவிடப் பார்க்கிறது, உள்ளே யாரும் எடுக்கவில்லை.

ஹெல்தி என்று ஏன் சொன்னது? இங்கேதான் சூட்சுமம். போஸ்ட்கிரெஸ் இமேஜ் முதல் தடவை ஏறும்போது இரண்டு தடவை சர்வரைக் கிளப்புகிறது. முதலில் ஒரு தற்காலிக சர்வர், உங்கள் இனிட் ஸ்கிரிப்டுகளை ஓட்டுவதற்காக மட்டும். அது வெளியே டிசிபி போர்ட்டில் கேட்காது, உள்ளே யூனிக்ஸ் சாக்கெட்டில் மட்டும் கேட்கும். ஸ்கிரிப்ட் முடிந்ததும் அதை நிறுத்திவிட்டு உண்மையான சர்வரைக் கிளப்பும். லாகில் "ரெடி டு அக்செப்ட் கனெக்‌ஷன்ஸ்" என்ற வரி இரண்டு தடவை வருவதைப் பாருங்கள், நடுவில் "இனிட் பிராசஸ் கம்ப்ளீட்" என்று இருக்கும். உங்கள் ஹெல்த்செக் கண்டெய்னருக்கு உள்ளே ஓடுகிறது. பிஜி ஈஸ்ரெடிக்கு ஹோஸ்ட் சொல்லாவிட்டால் அது யூனிக்ஸ் சாக்கெட்டில் போய்த் தட்டும், அங்கே தற்காலிக சர்வர் "இருக்கிறேன்" என்று சொல்லிவிடும்.

செய்ய வேண்டியது ஒன்றுதான். ஹெல்த்செக்கில் பிஜி ஈஸ்ரெடிக்கு ஹைஃபன் ஹெச் போட்டு 127.0.0.1 கொடுங்கள். அப்போது அது டிசிபி போர்ட்டில் தட்டும், தற்காலிக சர்வர் அங்கே பதில் சொல்லாது.

முன்பு ஏன் இது வரவில்லை என்று கேட்பீர்கள். முன்பு வால்யூம் பழையது, இனிட்டே ஓடவில்லை, தற்காலிக சர்வரும் இல்லை. நான் சொல்லி நீங்கள் போட்ட ஹைஃபன் வி கொண்டுவந்த வினை இது.

தொண்டி_அலை | புதன், இரவு 10:05

காக்கா சொன்னது அப்படியே சரி. டெஸ்டுக்குள்ளிருந்தே கண்டெய்னரை ஏற்றும் டெஸ்ட்கண்டெய்னர்ஸ் லைப்ரரி இந்த இரண்டு தடவை சங்கதியைத் தெரிந்து வைத்திருக்கிறது, அந்த லாக் வரி இரண்டாவது தடவை வரும்வரை காத்திருக்கும். போர்ட்டும் காலியாக இருக்கும் ஒன்றை அதுவே எடுத்துக்கொள்ளும், லேப்டாப்பில் ஏற்கெனவே போட்டு மறந்துபோன இன்னொரு போஸ்ட்கிரெஸ் 5432இல் உட்கார்ந்திருந்தாலும் இடிக்காது. விசை, நேரம் கிடைக்கும்போது மாறிவிடுங்கள். போன் ஹாட்ஸ்பாட்டில் இமேஜ் இறக்கினால் "டூ மெனி ரிக்வெஸ்ட்ஸ்" வரலாம், லாகின் செய்யாதவர்களுக்கு ஐபி வாரியாகத்தான் எண்ணுகிறார்கள், மொபைல் நெட்டில் ஒரே ஐபிக்குப் பின்னால் ஊரே இருக்கும். டாக்கர் ஹப்பில் லாகின் செய்துகொண்டால் தீர்ந்தது.

மண்டபம்_ரயிலடி | புதன், இரவு 10:30

ஸ்லீப்பை எடுத்துவிட்டேன் காக்கா. ஓடுகிறது. சரி, என் பங்குக்கு ஒன்று.

எங்களிடம் லிக்விபேஸ், டேபிள் மாற்றங்களை வரிசையாக ஓட்டும் கருவி. டெஸ்டுக்கு டெஸ்க்டாப்பில் ஒரு டேட்டாபேஸ், அதை அழிப்பதில்லை. ஒரு நாள் டெஸ்ட் ஆரம்பித்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது, யூபிஎஸ் உதவவில்லை, உப்புக்காற்றில் பேட்டரி டெர்மினல் பச்சை பூத்துக் கிடந்தது. கரண்ட் வந்த பிறகு டெஸ்ட் ஓட்டினால் எர்ரரும் இல்லை, ஓட்டமும் இல்லை, "வெயிட்டிங் ஃபார் சேஞ்ச்லாக் லாக்" என்று நின்றுகொண்டே இருந்தது. ஐந்து நிமிடம் கழித்துத்தான் கைவிட்டது.

காரணம், லிக்விபேஸ் வேலை ஆரம்பிக்கும்போது ஒரு டேபிளில் "நான் பூட்டிவிட்டேன்" என்று எழுதி வைக்கிறது. முடிந்ததும் அழிக்கும். நடுவில் செத்தால் அழிக்க ஆள் இல்லை, எழுதியது எழுதியபடி. ரிலீஸ் லாக்ஸ் என்று ஒரு கமாண்ட் இருக்கிறது, அதைக் கொடுத்தால் திறக்கும். இதே வேலை செய்யும் ஃப்ளைவே போஸ்ட்கிரெஸில் அட்வைசரி லாக் எடுப்பதால் கனெக்‌ஷன் போனதும் பூட்டும் போய்விடும், அவர்களுக்கு இந்தக் கஷ்டம் இல்லை.

பாம்பன்_விசை | வியாழன், காலை 4:35

காக்கா, 127.0.0.1 போட்டதும் ஈஓஎஃப் போயே போச்சு. இருபது தடவை இறக்கி ஏற்றிப் பார்த்தேன், ஒரு தடவைகூட வரவில்லை.

இப்போது மூன்றாவது. இன்றைய ஏலப் பட்டியல் டெஸ்ட், மூன்று வரி வர வேண்டும், பூஜ்யம் வருகிறது. நேற்று மதியம் ஓட்டினேன், பாஸ். சாயங்காலம் பாஸ். இன்று காலை எழுந்து ஒரு எழுத்துகூட மாற்றாமல் ஓட்டினால் ஃபெயில். அலுவலக சிஐயில் (டெஸ்டைத் தானாக ஓட்டும் சர்வர்) எப்போதும் பச்சை. என் வீட்டுப் பேயா?

ஏர்வாடி_பொடியன் | வியாழன், காலை 8:00

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் ப்ராஜெக்டில் டெஸ்ட் நூறைத் தாண்டியதும் "சாரி, டூ மெனி கிளையன்ட்ஸ் ஆல்ரெடி" என்று வர ஆரம்பித்தது. தனித்தனியாக ஓட்டினால் எல்லாம் பாஸ். சீனியர் மேக்ஸ் கனெக்‌ஷன்ஸை 500 ஆக்கச் சொல்கிறார். ஆக்கலாமா?

தொண்டி_அலை | வியாழன், காலை 10:40

பொடியன், தனி இழை திறந்திருக்கலாம், பரவாயில்லை. ஆக்குவதற்கு முன் ஒரு கணக்குப் போடு.

போஸ்ட்கிரெஸ் சும்மா விட்டால் 100 கனெக்‌ஷன் தரும், அதிலும் 3 சூப்பர்யூசருக்கு ஒதுக்கியது. ஹிகாரி பூல், அதாவது ஆப் திறந்து வைத்துக்கொள்ளும் இணைப்புத் தொகுப்பு, சும்மா விட்டால் 10 எடுக்கும். ஒரு ஆப்புக்கு ஒரு பூல் என்றால் 10தானே? ஆனால் ஸ்பிரிங் டெஸ்ட் ஒவ்வொரு விதமான அமைப்புக்கும் ஒரு கான்டெக்ஸ்ட், அதாவது ஆப்பின் தனி நகல், கட்டி, திரும்பத் தேவைப்படும் என்று 32 வரைக்கும் மூடாமல் வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு கான்டெக்ஸ்டுக்கும் ஒரு பூல். ஒரு கிளாஸில் ஒரு சர்வீஸை மாக் செய்தாய் (போலியாக வைத்தாய்), அடுத்ததில் வேறு ஒன்றை மாக் செய்தாய் என்றால் அது வேறு கான்டெக்ஸ்ட். பதினோராவது கான்டெக்ஸ்ட் வந்து கையை நீட்டும்போது போஸ்ட்கிரெஸிடம் ஒன்றும் மிச்சம் இருக்காது.

உடனடிக்கு, டெஸ்ட் ப்ரொஃபைலில் பூல் அளவை 2 ஆக்கு. பிறகு மாக்குகளை ஒரே பேஸ் கிளாஸில் கொண்டு வந்து கான்டெக்ஸ்டைக் குறை, ஓட்டும் நேரமும் பாதியாகும். 500 ஆக்கினால் இப்போதைக்கு ஓடும், அதில் சந்தேகமில்லை, டெஸ்ட் ஏன் ஆமையாகிவிட்டது என்று அடுத்த வருஷம் வேறு இழையில் கேட்பாய்.

தொண்டி_அலை | வியாழன், காலை 10:55

விசை, உங்களுக்கு. நேரமண்டலம் போலத் தோன்றுகிறது. ஷோ டைம்ஸோன் கொடுத்துப் பாருங்கள்.

பாம்பன்_விசை | வியாழன், மதியம் 2:20

அக்கா, எனக்கும் அதே சந்தேகம் வந்து ஆப்பிலிருந்தே அந்தக் குவெரியை ஓட்டிப் பார்த்தேன். ஏசியா/கொல்கத்தா என்றுதான் வருகிறது. அதனால் அது இல்லை.

கீழக்கரை_காக்கா | வியாழன், இரவு 8:50

ஆப்பிலிருந்து கேட்டால் அப்படித்தான் வரும். ஜாவா டிரைவர் கனெக்ட் ஆகும்போதே லேப்டாப்பின் நேரமண்டலத்தை அந்த செஷனுக்குச் சொல்லிவிடுகிறது. நீங்கள் கேட்டதை நீங்களே சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். கண்டெய்னருக்குள் நுழைந்து பிஸ்கியூஎல் (போஸ்ட்கிரெஸின் கமாண்ட் கருவி) திறந்து அங்கே கேளுங்கள்.

அப்புறம் அந்த மூன்றாவது ஸ்கிரிப்டில் மூன்று வரிக்கும் தேதி என்ன போட்டிருக்கிறீர்கள், அப்படியே இங்கே ஒட்டுங்கள்.

பாம்பன்_விசை | வெள்ளி, காலை 4:10

கரன்ட் டேட் என்று போட்டிருக்கிறேன் காக்கா. உள்ளே போய்க் கேட்டேன். யூடிசி, உலகப் பொது நேரம்.

கையோடு சோதித்தும் பார்த்தேன். இன்று காலை 4 மணிக்கு ஏற்றி, செலக்ட் கொடுத்தால் மூன்று வரியிலும் வியாழக்கிழமைத் தேதி. லேப்டாப் கடிகாரத்தில் வெள்ளி. கண்டெய்னரை இறக்காமல் அப்படியே வைத்திருக்கிறேன், விடிந்ததும் சொல்கிறேன்.

பாம்பன்_விசை | வெள்ளி, காலை 7:05

4 மணிக்கு ஏற்றியதை அப்படியே இப்போது ஓட்டினேன், ஃபெயில். இறக்கி, புதிதாக ஏற்றி ஓட்டினேன், பாஸ். ஆக டெஸ்ட் ஓடும் நேரம் அல்ல விஷயம், ஸ்கிரிப்ட் ஓடிய நேரம்.

தொண்டி_அலை | வெள்ளி, காலை 9:30

அருமை, அந்த ஒரு சோதனையிலேயே எல்லாம் வந்துவிட்டது. இனிட் ஸ்கிரிப்டை ஓட்டுவது ஜாவா இல்லை, கண்டெய்னருக்குள் இருக்கும் பிஸ்கியூஎல். அதற்கு யூடிசி நேரம்தான் தெரியும். நம் நேரம் ஐந்தரை மணி முன்னால் ஓடுவதால், நள்ளிரவிலிருந்து காலை ஐந்தரை வரைக்கும் அங்கே இன்னும் நேற்று. சீட் வரிகளில் நேற்றைய தேதி, ஜாவா கேட்பது இன்றைய தேதி, பூஜ்யம் வரி. சிஐ மிஷினில் ஜாவாவும் யூடிசி, போஸ்ட்கிரெஸும் யூடிசி, இரண்டும் ஒரே தப்பைச் சேர்ந்து செய்வதால் பச்சை. சென்னையில் எங்கள் டீமில் காலை நான்கு மணிக்கு டெஸ்ட் ஓட்ட ஒரு ஆள் கிடையாது, எங்களுக்கு இது பத்து வருஷம் ஆனாலும் தெரிந்திருக்காது.

உப்பளத்தான் | வெள்ளி, காலை 9:50

கண்டெய்னருக்கு டிஇசட் என்ற என்விரான்மென்ட் வேரியபிளில் ஏசியா/கொல்கத்தா கொடுத்தால் முடிந்தது. ஒரு வரி.

தொண்டி_அலை | வெள்ளி, காலை 10:15

டெஸ்ட் பாஸாகும் அண்ணே, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் விசை, அதைப் போடுவதற்கு முன் ஒன்று சொல்லுங்கள். உங்கள் நிஜ ஆப் எங்கே ஓடுகிறது? கிளவுட் சர்வரா? அங்கே ஜாவாவின் நேரமண்டலம் என்ன? ஏலம் பதியும்போது தேதியை எப்படி எடுக்கிறீர்கள்?

பாம்பன்_விசை | வெள்ளி, காலை 11:40

அக்கா, கேள்வியைப் படித்ததும் வயிற்றைக் கலக்கியது. கிளவுட்தான். யூடிசிதான். தேதி எடுப்பது லோக்கல்டேட் நவ், உள்ளே எதுவும் கொடுக்காமல், அதாவது சர்வரின் நேரமண்டலப்படி இன்றைய தேதி.

போன மாதம் ஏலக்காரர் இரண்டு தடவை கூப்பிட்டு "தம்பி, இன்றைக்கு வந்த நகரை மீன் நேற்றுக் கணக்கில் சேர்ந்திருக்கிறது" என்றார். நான் நம்பவில்லை. அவர் போனில் தேதியைத் தப்பாகத் தேர்ந்தெடுத்துப் பார்க்கிறார் என்று நினைத்து, எப்படிப் பார்ப்பது என்று அவருக்கே பாடம் எடுத்தேன். அவர் "சரி சரி" என்று வைத்துவிட்டு நோட்டிலும் எழுதிக்கொள்ள ஆரம்பித்துவிட்டார். இப்போது சர்வரில் போய்ப் பார்த்தேன். ஐந்தரைக்கு முன்னால் பதிந்த ஏலம் ஒன்று விடாமல் முந்தைய தேதியில் கிடக்கிறது. பதிந்த நொடி டைம்ஸ்டாம்ப் வித் டைம்ஸோனில் தனியாக இருப்பதால் தேதியைத் திருத்திவிடலாம், அது ஒன்றுதான் நல்ல காலம்.

கீழக்கரை_காக்கா | வெள்ளி, மதியம் 3:10

தொழுகை முடிந்து வந்து படிக்கிறேன். திருத்துவதற்கு முன் டம்ப் எடுங்கள் தம்பி.

கோடில் கிளாக் ஒன்றை வெளியிலிருந்து கொடுக்கும்படி மாற்றுங்கள். நிஜத்தில் கொல்கத்தா மண்டலம் சொன்ன கிளாக், டெஸ்டில் ஒரே நேரத்தில் நிறுத்தி வைத்த கிளாக். அந்த நிறுத்திய நேரத்தைக் காலை 4 மணி என்று வையுங்கள், மதியம் வேண்டாம். சீட் ஸ்கிரிப்டிலிருந்து கரன்ட் டேட்டை எடுத்துவிட்டு, டெஸ்டே தன் மூன்று வரியைத் தானே போட்டுக்கொள்ளட்டும், அதே கிளாக்கிலிருந்து தேதி எடுத்து. டிஇசட் வேரியபிள் போடவே வேண்டாம். கண்டெய்னர் யூடிசியிலேயே இருக்கட்டும், தப்பு செய்தால் காட்டிக் கொடுக்கும்.

ஏர்வாடி_பொடியன் | வெள்ளி, மாலை 5:30

பூலை 2 ஆக்கியதும் ஓடிவிட்டது அக்கா. நேரமண்டலம் பேச்சு வந்ததால் ஒன்று கேட்கிறேன். விண்டோஸ் லேப்டாப்பில் புது போஸ்ட்கிரெஸ் இமேஜ் இறக்கினேன், ஏசியா/கல்கத்தா செல்லாது என்று சொல்லிக் கனெக்‌ஷனையே வெட்டிவிடுகிறது. பழைய இமேஜில் வரவில்லை.

கீழக்கரை_காக்கா | வெள்ளி, மாலை 6:15

கல்கத்தா பழைய பெயர், கொல்கத்தா புதுப் பெயர். விண்டோஸில் ஜாவா இன்னும் பழைய பெயரைச் சொல்கிறது. டெபியன் 13இல் பழைய நேரமண்டலப் பெயர்களைத் தனிப் பொதியாகப் பிரித்துவிட்டார்கள், புது இமேஜ் அதன் மேல் கட்டியது. டெஸ்ட் ஓட்டும் ஜாவாவுக்கு யூசர் டாட் டைம்ஸோன் என்பதில் ஏசியா/கொல்கத்தா கொடு, போதும்.

பாம்பன்_விசை | ஞாயிறு, காலை 4:25

கிளாக் மாற்றி, பழைய தேதிகளைத் திருத்தி (டம்ப் எடுத்த பிறகுதான் காக்கா), டெஸ்ட் முழுவதையும் இப்போது, இந்த நேரத்தில் ஓட்டினேன். எல்லாம் பாஸ். நேற்று ஏலக்காரரிடம் போய் நீங்கள் சொன்னதுதான் சரி என்று சொன்னேன். அவர் நோட்டை எடுத்து முன்னால் போட்டார், நான் திருத்திய தேதிகளோடு ஒப்பிட்டதில் ஒரு வரிகூட மாறவில்லை.

எழுந்து வரும்போது அவர் ஒன்று கேட்டார். இரவு பதினொன்றரைக்கு ஆரம்பித்து ஒன்றரைக்கு முடிந்த ஏலம் ஆப்பில் எந்தத் தேதியில் வரும் என்று. நோட்டில் எப்படி எழுதுகிறீர்கள் என்று திருப்பிக் கேட்டேன். "படகைப் பொறுத்து" என்றார். அதற்குத் தனி இழை திறக்கிறேன், எல்லாரும் வாருங்கள்.